பார்க்கும் உரிமையும் ஆணையிடும் உரிமையும்: தில்லி மின்தொகுப்பிலிருந்து எய்ம்ஸ் வரை

சற்றே நீண்ட பதிவு. தொழில்நுட்ப வரலாறு, பொதுக்கொள்கை, கணினிப் பாதுகாப்பு ஆகிய துறைகளில் பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதுகிறேன்.

தென்தில்லியில் ஐ.ஐ.டி. வளாகத்துக்கு அருகே கட்வாரியா சராய் என்னும் பகுதி உள்ளது. வட மண்டல மின்சுமைப் பகிர்வு மையமும் தேசிய மின்சுமைப் பகிர்வு மையமும் அங்குதான் இயங்குகின்றன. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அன்சாரி நகரில், எய்ம்ஸ் மருத்துவமனை. முதல் இடத்தின் கண்முன்னே 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டது. இரண்டாம் இடத்தில் 2022 நவம்பரில் கணினிகள் முடங்கி, மருத்துவர்கள் மீண்டும் காகிதத்துக்குத் திரும்பினர். மின்பொறியியல் வகுப்பில் முன்னதையும் கணினியியல் வகுப்பில் பின்னதையும் பாடமாக வைக்கிறோம். இரண்டையும் ஒரே வரலாற்றின் இரு அத்தியாயங்களாகப் படித்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது என்பதே இப்பதிவின் வாதம்.

தரவைப் பகிர வேண்டுமா, பூட்டி வைக்க வேண்டுமா என்று கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. கணினியும் இயந்திரமும் பிணைந்து இயங்கும் அமைப்புகளில், அதாவது சைபர்-பிசிக்கல் அமைப்புகளில், அக்கேள்வி நம்மை வெகுதூரம் கொண்டுசெல்லாது. யார் பார்க்கலாம்? யார் ஆணையிடலாம்? ஓரிடத்துக் குலைவு எந்த எல்லையில் நிற்க வேண்டும்? இம்மூன்றுக்கும் தனித்தனியே விடை வேண்டும். தில்லியின் வரலாறு இவற்றை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு விபத்தின் வழியாக நமக்குக் கற்பித்திருக்கிறது.

1. எல்லோரும் படிக்கக்கூடிய ஓர் எண்

1960-களில் நாடு ஐந்து மின் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. மாநிலங்களின் மின்வாரியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத் தொலைபேசியே நெடுங்காலம் முதன்மைக் கருவியாக இருந்தது. 2002-ல் வட மண்டலத்தில் ஒருங்கிணைந்த சுமைப் பகிர்வு, தகவல்தொடர்புத் திட்டம் செயலுக்கு வந்தது. துணைமின்நிலையங்களின் அளவீடுகள் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஸ்காடா வழியாகத் தில்லிக்கு வரத் தொடங்கின.

அதே ஆண்டில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஏபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய கட்டணமுறை மண்டலம் மண்டலமாக அறிமுகமானது. அட்டவணைக்கு மேல் ஒரு மாநிலம் எடுக்கும் மின்சாரத்தின் விலை, அந்நேரத்து அதிர்வெண்ணைப் பொறுத்தது என்பது அதன் உட்கரு. தேவை மிகுந்தால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும், விலை ஏறும்.

தரவுப் பகிர்வின் வரலாற்றில் இது தனித்துக் குறிப்பிடத்தக்க ஏற்பாடு. ஒரே தொகுப்பில் இணைந்த எல்லா இடங்களிலும் அதிர்வெண் ஏறக்குறைய ஒன்றே. அதை அறிய எவரும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சுவரிலுள்ள மின்செருகியில் ஒரு கருவியைப் பொருத்தினால் போதும். தொகுப்பின் நலனை ஒற்றை எண்ணாகச் சுருக்கி, இயற்பியலே அதை அனைவருக்கும் விநியோகித்தது. பார்க்கும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. அதனால் எந்தச் சுவிட்சும் எவர் கைக்கும் மாறிவிடவில்லை.

2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் தேசிய, மண்டல, மாநில மையங்கள் என்ற மூவடுக்கு ஏற்பாட்டுக்குச் சட்ட வடிவம் தந்தது. 2006 ஆகஸ்டில் வட மண்டலம், ஏற்கெனவே இணைந்திருந்த கிழக்கு, வடகிழக்கு, மேற்கு மண்டலங்களோடு ஒத்திசைக்கப்பட்டது. 2009-ல் தேசிய மையம் தில்லியில் தொடங்கப்பட்டது. காகிதத்தில் பார்த்தால் ஏற்பாடு முழுமையானது.

2. 2012: தெரிந்திருந்தும் நிகழ்ந்த இருள்

2012 ஜூலை 30, அதிகாலை 2.33 மணி. பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் வழித்தடம் துண்டிக்கப்பட்டது. அடுத்தடுத்து மற்ற இணைப்புகளும் அறுந்து, சுமார் 36,000 மெகாவாட் சுமையோடு வட மண்டலத் தொகுப்பு முழுதும் சரிந்தது. தில்லி மெட்ரோ நின்றது. அன்று மாலைக்குள் மின்சாரம் மீண்டது. மறுநாள் பகல் 1 மணியளவில் மீண்டும் சரிவு. இம்முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என மூன்று மண்டலங்கள், சுமார் 48,000 மெகாவாட். 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு.

மத்திய மின்சார ஆணையத்தின் தலைவர் தலைமையிலான விசாரணைக் குழு ஆகஸ்டு 16 அன்று அறிக்கை அளித்தது. பல வழித்தடங்கள் ஏற்கெனவே சேவையில் இல்லாததால் மண்டலங்களுக்கிடையேயான இணைப்புகள் வலுவிழந்திருந்தன. பீனா–குவாலியர்–ஆக்ரா இணைப்பு தாங்கும் அளவுக்கு மேல் சுமந்துகொண்டிருந்தது. கூடுதலாக எடுப்பதைக் குறைக்குமாறு மண்டல மையம் பிறப்பித்த ஆணைகளுக்கு மாநில மையங்கள் போதிய அளவில் செவிசாய்க்கவில்லை. கடைசியாக ஒரு ரிலே தவறாக இயங்கியது. இவையே குழு கண்ட காரணங்கள்.

கடைசி இரண்டையும் சற்று நின்று பார்க்க வேண்டும்.

மாநிலங்கள் அட்டவணையை மீறுவது தில்லி மையத்துக்குத் தெரிந்தே இருந்தது. திரையில் எண்கள் ஓடின. எச்சரிக்கைச் செய்திகளும் போயின. பார்க்கும் உரிமை மையத்திடம் இருந்தது, ஆணையிடும் உரிமையும் சட்டப்படி இருந்தது. ஆணையை நிறைவேற்றும் கை மாநிலத்திடம் இருந்தது. தரவு கூடக்கூட ஒத்துழைப்பும் தானாகக் கூடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைப்பது அரிது.

ரிலேயின் கதை வேறு. தொலைவு ரிலே என்பது தன்னிடத்து மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வழித்தடத்தில் எங்கோ பழுது இருப்பதாக முடிவு செய்யும் கருவி. மின்னழுத்தம் தாழ்ந்து மின்னோட்டம் மிகையாகும்போது, வெறும் அதிகச் சுமைகூட அதன் கணக்கில் தொலைதூரப் பழுதுபோலவே தெரியும். அன்று நிகழ்ந்தது இதுதான். அந்தத் தடத்தில் பழுது ஏதுமில்லை. தன் வாசலை மட்டுமே பார்க்கத் தெரிந்த காவலாளி, கூட்டத்தைக் கலவரம் என்று எண்ணிக் கதவை அடைத்துவிட்டான்.

எனவே குழு இரு திசைகளில் பரிந்துரைத்தது. ஒன்று, பரந்த பார்வை. செயற்கைக்கோள் நேரத்தோடு ஒத்திசைந்து, விநாடிக்குப் பல முறை அளவிட்டு அனுப்பும் ஃபேசர் அளவீட்டுக் கருவிகள் 2010-ல் வட மண்டலத்தில் சோதனை முறையில் நிறுவப்பட்டிருந்தன. அவற்றை விரிவாக்க வேண்டும் என்றது. மற்றொன்று அதிகம் பேசப்படாதது. மின்தொகுப்பு தனக்கெனக் கொண்டுள்ள ஒளியிழைகளைப் பயன்படுத்தித் தனித் தகவல் வலையமைப்பை உருவாக்க வேண்டும், அப்போதுதான் சைபர் தாக்குதலைத் தவிர்க்கலாம் என்றது. 'இன்னும் அதிகமாகப் பகிருங்கள்' என்று சொன்ன அதே அறிக்கை, பகிரும் பாதையைப் பொதுவழியிலிருந்து பிரித்து வையுங்கள் என்றும் சொன்னது. முதல் பரிந்துரையை நினைவில் வைத்த அளவுக்கு இரண்டாவதை நாம் நினைவில் வைக்கவில்லை.

3. தெற்கு ஏன் விழவில்லை?

2012-ல் தமிழ்நாடு உள்ளிட்ட தென் மண்டலம் இந்தச் சரிவில் சிக்கவில்லை. அன்று அது மற்ற மண்டலங்களோடு ஒத்திசைந்திருக்கவில்லை என்பதே காரணம். ஆனால் அது துண்டிக்கப்பட்டும் இருக்கவில்லை. தால்ச்சர்–கோலார் உயரழுத்த நேர்மின்தடம், சந்திரபூர், காஜுவாக்கா நிலையங்களின் நேர்மின் இணைப்புகள் ஆகியவற்றின் வழியே மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, மறுமுனையில் மீண்டும் மாறுமின்னோட்டமாக்கும் இந்த இணைப்பு, கேட்ட அளவு மின்சாரத்தைக் கடத்தும். அப்பால் உள்ள அதிர்வெண்ணின் தள்ளாட்டத்தைக் கடத்தாது.

இதை ஒரு கோட்பாடாக வாசிக்கலாம் என்பது என் கருத்து. இணைப்பு வேறு, ஒத்திசைவு வேறு. தேவையானதை மட்டும் கடத்திக் குலைவைக் கடத்தாத இணைப்பு சாத்தியம். அதைச் செய்ய நடுவில் ஒரு மாற்றியை நிறுத்திச் செலவு செய்ய வேண்டும், அவ்வளவே.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியே தென் மண்டலமும் ஒத்திசைக்கப்பட்டது. நாடு முழுதும் ஒரே அதிர்வெண். காற்றாலை மின்சாரம் மிகுந்த தமிழ்நாட்டுக்கு இதனால் நன்மைகள் உண்டு. ஆனால் அன்றுமுதல் குலைவுகளுக்கும் நாம் பங்காளிகள்.

4. எதிரி நுழைந்த காலம்

2012 வரை தொகுப்பின் பகைவர்கள் வெயிலும் சுமையும் பராமரிப்பின்மையும்தான். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் நிலைமை மாறியது. மின்விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் தொலைவிலிருந்தபடியே துணைமின்நிலையச் சுவிட்சுகளைத் திறந்தனர். சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் நின்றது. சில மணி நேரத்தில் மின்சாரம் மீண்டதற்குக் காரணம், ஊழியர்கள் துணைமின்நிலையங்களுக்கு நேரில் சென்று கையால் சுவிட்சுகளை இயக்கியதே. பழைய முறை மறக்கப்படாமல் இருந்தது அவர்களைக் காத்தது.

நம் நாட்டில் எச்சரிக்கை கூடங்குளத்திலிருந்து வந்தது. 2019 செப்டம்பர் 4 அன்று சர்ட்-இன் அமைப்பு, அணுமின் கழகத்தின் கணினி ஒன்றில் தீநிரல் இருப்பதைத் தெரிவித்தது. செய்தி அக்டோபர் இறுதியில் வெளியே கசிந்தபோது நிலையத்தின் முதல் எதிர்வினை மறுப்பு; அக்டோபர் 30 அன்று கழகம் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு தொடர்புள்ள கணினி என்றும், உலையின் உள்வலையமைப்பு அதிலிருந்து தனித்து வைக்கப்பட்டிருப்பதால் பாதிப்பில்லை என்றும் விளக்கியது. தொழில்நுட்பத்தில் அரண் நின்றது. தகவல் சொல்வதில்தான் தடுமாற்றம்.

2021 பிப்ரவரி 28 அன்று ரெக்கார்டட் ஃப்யூச்சர் என்ற அமெரிக்க நிறுவனம், சீனத் தொடர்புடையது என்று தான் கருதும் ஒரு குழு இந்திய மின்துறையைக் குறிவைப்பதாக அறிக்கை வெளியிட்டது. பட்டியலில் ஐந்து மண்டல மையங்களில் நான்கு இடம்பெற்றன. தில்லி மாநில மின்சுமைப் பகிர்வு மையமும், தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் இருந்தன. சீனா குற்றச்சாட்டை மறுத்தது. மறுநாள் இந்திய மின் அமைச்சகம், செயல்பாட்டுக்குப் பாதிப்போ தரவு இழப்போ இல்லை என்றது. அதே விளக்கத்தில், சில கட்டுப்பாட்டு மையங்களில் தீநிரல் அச்சுறுத்தல் குறித்து 2020 நவம்பரிலேயே சர்ட்-இன் எச்சரித்திருந்தது என்றும் தெரிவித்தது. பொதுமக்கள் அதை அறிய ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் அறிக்கை தேவைப்பட்டது.

அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய மின்சார ஆணையம் மின்துறைக்கான சைபர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இயந்திரங்களை இயக்கும் கணினிகளை, இணையத்தை நோக்கிய கணினிகளிலிருந்து கறாராகப் பிரிக்க வேண்டும்; இணையத் தொடர்புள்ள கணினி தேவைப்பட்டால் அதைத் தனி அறையில், பாதுகாப்பு அலுவலரின் பொறுப்பில் வைக்க வேண்டும்; அனுமதி பெற்ற கருவி வழியாக மட்டும், சோதித்த பின்னரே தரவைக் கொண்டுபோக வேண்டும். தென் மண்டலத்தைக் காத்த அந்த மாற்றியின் தத்துவம் இங்கே கணினி மொழியில் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

5. 2022: எய்ம்ஸ்

2022 நவம்பர் 23 அன்று எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிச் சேவைகள் முடங்கின. தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய இ-ஹாஸ்பிட்டல் மென்பொருளில்தான் நோயாளர் பதிவு, சேர்க்கை, விடுவிப்பு, ஆய்வக முடிவு, கட்டணம் ஆகியவை ஓடிக்கொண்டிருந்தன. நாடெங்கிலுமிருந்து கடைசி நம்பிக்கையோடு வந்து விடியலில் வரிசையில் நிற்பவர்களின் மருத்துவமனை அது. வரிசைகள் நீண்டன, பதிவுகள் கையெழுத்துக்கு மாறின.

அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் அரசு அளித்த விடைகள் ஆய்வாளர்களுக்கு முக்கியமானவை. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு மறையாக்கம் செய்யப்பட்டது. வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமல் இருந்ததே தாக்குதலுக்கு வழிவகுத்தது. தாக்குதலுக்கு உள்ளாகாத ஒரு காப்புப்படி சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிட்டல் தரவு முழுதும் மீட்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது. பெரும்பாலான சேவைகள் மீள இரண்டு வாரங்கள் ஆயின.

விழுந்ததும் எழுந்ததும் ஒரே காரணத்தால் என்பதைக் கவனியுங்கள். பிரிவில்லாத வலையமைப்பால் ஓரிடத்துக் குலைவு எங்கும் பரவியது. பிரிந்திருந்த ஒரேயொரு சர்வரால் எல்லாம் மீண்டது. 2012-ல் வடக்கு விழுந்து தெற்கு தப்பியதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. மின்பொறியாளர்கள் பல பதிற்றாண்டு அனுபவத்தில் 'தீவாக்கம்' என்று பெயரிட்டு வைத்திருக்கும் உத்தி இது: தொகுப்பு சரியும்போது ஒரு பகுதியைத் துண்டித்துத் தனித்தீவாக உயிரோடு வைத்துக்கொள்வது. மருத்துவமனை வலையமைப்பில் அத்தீவு திட்டமிடப்பட்டிருக்க வேண்டும்.

அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று சர்ட்-இன் பிறப்பித்த ஆணையையும் இங்கே நினைவுகூர்வது பொருந்தும். சைபர் நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுக் குறிப்புகளை 180 நாட்கள் காக்க வேண்டும். எல்லாக் கணினிகளின் கடிகாரங்களும் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்திசைய வேண்டும். மூன்றாவது விதி சிறியதாகத் தோன்றும். தொகுப்பு எங்கே முதலில் அறுந்தது, ஊடுருவல் எந்தக் கணினியில் தொடங்கியது என்ற இரு வினாக்களுக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே நேரம் இல்லாமல் விடை காண முடியாது. இந்திய நேரத்தைப் பேணும் அந்த ஆய்வகமும் தில்லியில்தான் இருக்கிறது.

6. இனி: மீட்டர் என்னும் சுவிட்சு

இவ்வரலாறு இப்போது நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. 2021-ல் தொடங்கிய மின்விநியோகச் சீரமைப்புத் திட்டம் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காகக் கொண்டது. இவற்றை நிறுவி நடத்தும் ஒப்பந்தக்காரர்கள், அரசு அங்கீகரித்த மேகக் கணிமைச் சேவைகளில் தரவை வைத்து இயக்குகிறார்கள். அரைமணி நேரத்துக்கு ஒருமுறையோ அதைவிட நெருக்கமாகவோ எடுக்கப்படும் அளவீட்டைக் கொண்டு ஒரு வீட்டில் எப்போது விழித்தார்கள், எப்போது வெளியூர் போனார்கள் என்று ஊகிக்க முடியும். 2017-ன் புட்டசாமி தீர்ப்பும் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பேசும் அந்தரங்கம் இங்கே மின்கட்டணத்தின் வடிவில் இருக்கிறது.

அதைவிடப் பெரிய வினா ஒன்று உண்டு. இம்மீட்டர் அளப்பதோடு நிற்பதில்லை. தொலைவிலிருந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் அதனுள் இருக்கிறது. பழைய மீட்டரைக் கணக்கெடுப்பவர் படித்துவிட்டுப் போனார். மின்சாரத்தைத் துண்டிக்க வேறொருவர் மின்கம்பத்தில் ஏற வேண்டியிருந்தது. பார்ப்பதும் ஆணையிடுவதும் இப்போது ஒரே பெட்டியில், ஒரே வலைப்பாதையில், ஒரே சர்வரின் பொறுப்பில். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ராஸ் ஆண்டர்சனும் சைலேந்திர ஃபுலோரியாவும் இந்த அபாயத்தை 2010-லேயே எழுதினார்கள்: லட்சக்கணக்கான சுவிட்சுகளை ஒரே நொடியில் திறக்கக்கூடிய கை யாருடையது?

அந்நிலை எப்படியிருக்கும் என்பதற்கு ஓர் ஒத்திகையை நாம் கண்டிருக்கிறோம். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கணைக்குமாறு பிரதமர் அழைப்பு விடுத்தபோது, நாட்டின் மின்தேவை சுமார் 1,17,000 மெகாவாட்டிலிருந்து 86,000 மெகாவாட்டுக்கு, அதாவது சுமார் 31,000 மெகாவாட், சில நிமிடங்களில் சரிந்தது. தொகுப்பு விழவில்லை. இரண்டு நாட்களுக்கு முன்பே செய்தி தெரிந்ததால், கட்வாரியா சராயின் தேசிய மையம் நீர்மின் நிலையங்களை நாடு முழுதும் ஆயத்தமாக வைத்திருந்தது. முன்னறிவிப்பு என்ற ஒற்றைத் தரவின் மதிப்பு 31,000 மெகாவாட். ஊடுருவுபவர் அதைத் தரமாட்டார்.

ஆகவே மேகக் கணிமை வேண்டாம், மீட்டர் வேண்டாம் என்பது என் முடிவன்று. 2012 நமக்குச் சொன்னது, தன்வாசல் மட்டுமே பார்க்கும் கருவிகளோடு பெரிய தொகுப்பை நடத்த முடியாது என்பதே. எனது வேண்டுகோள் குறுகியது. அளவீடு செல்லும் பாதையும் ஆணை வரும் பாதையும் வேறுவேறாக இருக்கட்டும். குறிப்பிட்ட நேரத்தில் துண்டிக்கக்கூடிய இணைப்புகளின் எண்ணிக்கைக்கு மீட்டரளவிலேயே, மென்பொருளால் மீற முடியாத உச்சவரம்பு இருக்கட்டும். ஊடுருவல் நிகழ்ந்தால் அதை அயலார் சொல்லி நாம் அறியும் நிலை மாறட்டும். கையால் இயக்கவும் காகிதத்தில் எழுதவும் தெரிந்தவர்கள் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சி பெறட்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு சொல். 2012 விசாரணைக் குழு அறிக்கை, 2021 வழிகாட்டு நெறிகள், 2022 நாடாளுமன்ற விடைகள் ஆகிய மூன்றும் பொதுவெளியில் கிடைக்கின்றன. உங்கள் மாநிலத்து ஸ்மார்ட் மீட்டர் ஒப்பந்த ஆவணத்தை அவற்றுக்கு அருகில் வைத்துப் படியுங்கள். துண்டிக்கும் ஆணையை யார், எந்தக் கணினியிலிருந்து, எத்தனை பேரின் ஒப்புதலோடு பிறப்பிக்கலாம் என்ற வினாவுக்கு அதில் எத்தனை வரிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். முனைவர் பட்டத்துக்குரிய ஒரு தலைப்பு அங்கே காத்திருக்கிறது.